பாஷ்-கம்ப்ளீஷன் 2.11: டேப் விசையை நம்பலாமா?

புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது என் தொழில். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைக் காலையில் திறந்தால் மாலைவரை மூடுவதில்லை. அங்கே நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல் பாஷ்; பாதி தட்டிய பெயரை டேப் விசையால் நிறைவுசெய்து தரும் அதன் துணைத் தொகுப்பு பாஷ்-கம்ப்ளீஷன். அதனால் அதன் 2.11 பதிப்பு எந்நேரமும் என் விரலடியில் இருக்கிறது. நல்ல மென்பொருள். சுருக்கிய ஸிப் கோப்புகளைப் பிரிக்கும் அன்ஸிப் கட்டளையைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் ஸிப் கோப்புகளோடு இபப் (மின்னூல்), டாக்எக்ஸ் (வேர்ட்) கோப்புகளையும் காட்டும். அவையும் உள்ளுக்குள் ஸிப்தான் என்று தெரிந்தவர்கள் எழுதியது.

சிக்கல் என்னவென்றால், அது பெயரின் பின்னொட்டை மட்டுமே பார்க்கிறது. இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் டபிள்யூகெட், ஒரே கோப்பை மறுபடி இறக்கும்போது பெயரின் இறுதியில் ‘.1’ என்று ஒட்டும். அந்தக் கோப்பு பட்டியலில் வராது. கண்ணெதிரே இருக்கும் கோப்பு இல்லவே இல்லை என்று தோன்றும். இதற்கு மருந்து, ஆல்ட் விசையோடு சாய்கோட்டை அழுத்துவது. எந்தக் கட்டளை என்று பாராமல் எல்லாக் கோப்புப் பெயர்களையும் அது எடுத்துத் தரும். பாஷிலேயே இந்த வசதி இருக்கிறது. பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தம்.

வேறு கணினியோடு கோப்புகளைப் பரிமாறும் எஸ்சிபி கட்டளையில் சர்வர் பெயரும் முக்காற்புள்ளியும் தட்டி டேப் அழுத்தினால், இந்தத் தொகுப்பு எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பின் வழியாக அந்த சர்வருக்கே போய்க் கோப்புப் பட்டியலைக் கொண்டுவரும். கடவுச்சொல்லுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு அமைத்திருந்தால் மிக வசதி. கடவுச்சொல் தேவைப்படும் இடத்தில் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. இது இந்தத் தொகுப்பின் குறை அல்ல. கடிதம், காணிக்கை, கிளிக்கூடு என்ற மூன்று கோப்புகள் மட்டும் உள்ள அடைவில் டேப் அழுத்தினால் ‘க’ வந்து நிற்கும். யூனிக்கோடில் ‘கா’ என்பது ககரமும் துணைக்காலும். மூன்றுக்கும் பொதுவானது ககரம். அடுத்துத் தமிழ்99 விசைப்பலகையில் ஆகாரத்தை அழுத்தினால் துணைக்கால் வருவதில்லை, தனி ‘ஆ’ வருகிறது. ககரத்தை அழித்துவிட்டு ‘கா’ என்று முழுவதும் நாமே தட்ட வேண்டும். நான் பெயர்களின் முன்னால் 01, 02 என்று எண் போட்டுவிடுகிறேன்.

என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது ஒன்றே ஒன்று: மேக் கட்டளை. மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதிவைத்த செய்முறைகளின்படி கோப்புகளை உருவாக்கித் தருவது அது. மேக் என்று தட்டி டேப் அழுத்தினால், இலக்குகளின் (அதாவது உருவாக்க வேண்டியவற்றின்) பெயரை அறிவதற்காக இந்தத் தொகுப்பு மேக்கையே பின்னணியில் ஓட்டுகிறது. செய்முறைகளை நிறைவேற்றாத தெரிவுகளோடுதான் ஓட்டுகிறது. ஆனாலும் மேக்ஃபைலில் ஷெல் செயற்கூறு (வேறொரு கட்டளையை ஓட்டி அதன் விடையை வாங்குவது) இருந்தால், கோப்பை வாசிக்கும்போதே அது இயங்கிவிடும். என் மேக்ஃபைல் பிடிஎஃப் கோப்புகளின் பக்கங்களை எண்ணுவது அப்படித்தான்; டேப் அழுத்தும்போதெல்லாம் எண்ணத் தொடங்குகிறது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய மேக்ஃபைல் இருக்கும் அடைவில் என்ன ஆகும்? எண்டர் விசையைத் தொடும் முன்பே அவருடைய கட்டளை நம் கணினியில் ஓடியிருக்கும். பெயர் கேட்டதற்கு வேலையையே தொடங்குவது தவறு. இதைத் தொகுப்பின் இயல்பாக வைத்திருக்கக் கூடாது.

நம்முடைய மேக்ஃபைல் என்றால் வழி உண்டு. டேப்புக்காக ஓட்டும்போது, __BASH_MAKE_COMPLETION__ என்ற ஒரு மாறியை 1 என வைத்து அனுப்புகிறார்கள். அது இருந்தால் எண்ணாதே என்று நிபந்தனை எழுதிவிடலாம். பிறர் மேக்ஃபைலைத் தொடுகிறவர்கள், மேக்குக்கு வெறும் கோப்புப் பெயர்களை மட்டும் காட்டும்படி கம்ப்ளீட் கட்டளையை, பாஷ் தொடங்கும்போது வாசிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிவிடுங்கள். மற்றபடி தொகுப்பு கணினியில் இருக்கட்டும்.