காஃப் டிராமும் என் முழங்காலும்

முழங்கால் வலிக்காரியான எனக்கு ஒரு வண்டியின் தரம் ஏறும்போதே தெரிந்துவிடும். மொரிஷியஸ் மெட்ரோவில் படியே கிடையாது. அதில் ஓடுவது ஸ்பெயின் நாட்டுக் காஃப் நிறுவனம் செய்த ஊர்போஸ் 100 வகை டிராம். தளம் முழுவதும் தாழ்வானது. காய்கறிக் கூடையோடு நடைமேடையிலிருந்து நேரே உள்ளே போய்விடலாம். 45 மீட்டர் நீளம், ஏழு பகுதிகள். வளைவில் இணைப்பு மடிப்புகள் ஒருபக்கம் சுருங்கி மறுபக்கம் விரியும். அதைப் பார்க்கவே பேரன் கூட வருகிறான்.

1956-இல் பயணிகள் ரயில் நின்றுபோன தீவு இது. 2020-இல் ரோஸ் ஹில் நகருக்கும் தலைநகர் போர்ட் லூயிக்கும் இடையே இந்த மெட்ரோ தொடங்கி, 2022-இல் கியூர்பிப் நகர் வரை வந்துவிட்டது.

குறையா? கைபேசியும் கையுமாகக் கதவை அடைத்து நிற்கும் பிள்ளைகள்தான். அதற்குக் காஃப் என்ன செய்யும்! கியூர்பிப் மழை ஊர்; அங்கே போகிறவர்கள் குடையை மறக்காதீர்கள்.