என் ஆசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையே கத்தியில் பொறித்து விற்றார்

பழைய ஜெர்மன் அலங்கார பயோனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) வாங்க நினைப்பவர்கள், அதிலும் எழுத்து பொறித்த கத்தியைத் தேடுபவர்கள், பணத்தை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 480 யூரோ இழந்திருக்கிறேன். பணம் போனதைவிட, போன விதம்தான் இன்னும் மனதில் ஆறவில்லை.

நான் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் இருக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் ரீசர் பிளாட்ஸ் என்ற சதுக்கம் வரும். அங்கே 39ஆம் ஃபியூசிலியர் ரெஜிமென்ட் என்ற காலாட்படைப் பிரிவின் நினைவுச்சின்னம் நிற்கிறது. நாஜி ஆட்சியின்போது 1939இல் திறக்கப்பட்டது; அதை என்ன செய்வது என்று ஊரில் நெடுங்காலமாக விவாதம் நடக்கிறது. அந்தக் கல்லின் பெருமிதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கைசர் காலத்தில், அதாவது 1918 வரை பேரரசர்கள் ஆண்ட காலத்தில், அந்த ரெஜிமென்டில் இரண்டு வருடம் கட்டாயச் சேவை செய்துவிட்டு வீடு திரும்பிய சாதாரணப் பையன்கள் விட்டுச்சென்ற பொருள்கள் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு.

அலங்கார பயோனெட் அப்படிப்பட்ட பொருள்தான். அரசு கொடுத்த ஆயுதம் வேறு. இது ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் போகும்போது இடுப்பில் தொங்க, சிப்பாய் தன் கைக்காசில் வாங்கியது. நிக்கல் முலாம் பூசிய பளபளப்பான கத்தி, கட்டம் போட்ட கறுப்புப் பிடி, கறுப்பு உறை, பிடியின் தலையில் துப்பாக்கியில் மாட்டும் பள்ளத்துக்குள் பெரும்பாலும் ஒரு சிவப்புத் துணிப் பட்டை. சிலர் கூடுதல் காசு கொடுத்து, ‘என் சேவைக்கால நினைவாக’ என்ற வரியையும் ரெஜிமென்டின் பெயரையும் கத்தியில் அமிலத்தால் பொறித்துக்கொண்டார்கள். எழுத்தில்லாத ஒன்றை நான் 90 யூரோவுக்கு வாங்கியிருக்கிறேன். எழுத்து இருந்தால் விலை பல மடங்கு. மோசடி நுழைவது இந்த இடைவெளியில்தான்.

பெல்ஜிய எல்லைக்கு அருகே ஒரு பழம்பொருள் சந்தையில் அந்த வியாபாரியைச் சந்தித்தேன். வயதானவர், பொறுமையாகப் பேசினார். எந்த ஊர், என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். நானும் 39ஆம் ரெஜிமென்டின் கத்தி ஒன்று கிடைத்தால் போதும் என்று மனதில் இருந்ததைச் சொல்லி, தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து அழைத்தார். ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்ததாம், நான் கேட்டது அப்படியே இருக்கிறதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கத்தியில் ரெஜிமென்டின் பெயர், 1908–1910 என்ற வருடங்கள், இரண்டு பக்கமும் ஓக் இலைகள். பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் கெட்டியான பழைய கிரீஸ். “துடைத்துவிடாதீர்கள், மதிப்பு குறைந்துவிடும்” என்றார். சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொல்லும் அறிவுரைதான் அது. அதனாலேயே நம்பினேன்.

இரண்டு மாதம் துடைக்கவில்லை. ஒருநாள் விளக்கடியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சேவைக்காலம் என்று பொருள்படும் ‘டீன்ஸ்ட்சைட்’ என்ற சொல்லின் நடுவே, மிளகு அளவுக்கு ஒரு துருப்பள்ளம். எழுத்து முதலில் இருந்து துரு பின்னால் வந்திருந்தால், துரு அந்த எழுத்தைத் தின்றிருக்க வேண்டும். இங்கே எழுத்தின் கோடு பள்ளத்துக்குள் இறங்கி, அடியில் சுத்தமாக ஓடி, மறுபக்கம் ஏறி வந்தது. அதாவது பள்ளம் பழையது, எழுத்து புதியது. கண்ணாடியை வைத்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கிரீஸைத் துடைத்தேன். அடியில் வாளேந்திய ஒற்றை அணில், கூடவே ‘ஒரிஜினல் ஐக்ஹார்ன், சோலிங்கன்’ என்ற முத்திரை; ஐக்ஹார்ன் கத்தி செய்த நிறுவனம், சோலிங்கன் அதன் ஊர். அந்த வடிவ முத்திரை 1930களுக்கு உரியது. 1910இல் சேவை முடித்தவன் அதை எப்படி வாங்கியிருப்பான்? கத்தி உண்மையான சோலிங்கன் கத்திதான். பிற்காலத்து வெறும் கத்தி ஒன்றை எடுத்து, நான் வாய்விட்டுச் சொன்ன ரெஜிமென்டின் பெயரை அதில் பொறித்திருக்கிறார்கள்.

அழைத்துக் கேட்டபோது, “பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்றார். ஜெர்மன் சட்டப்படி, தெரிந்தே மறைத்து விற்றவருக்கு அந்தப் பேச்சு கைகொடுக்காது. ஏமாற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விற்பனை ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நான் நிரூபிக்க வேண்டும். கையில் இருந்த ரசீதில் ‘பழைய பயோனெட், ஒன்று’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். வழக்கறிஞருக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஆகவே, ‘கைசர் காலத்துக் கத்தி, எழுத்தும் அதே காலத்தது’ என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முத்திரை இருக்கும் இடத்தை அழுக்கோ கிரீஸோ மூடியிருந்தால், துடைத்துக் காட்டும்வரை விலை பேச வேண்டாம். உறையின் வாயில் இருக்கும் வில்தகடு கத்தியில் நீளக் கீறல்களை விட்டிருக்கும். அந்தப் பழைய கீறலுக்கு மேலே எழுத்து பொறிக்கப்பட்டிருப்பதாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு மூத்த சேகரிப்பாளர் என் கத்தியில் முதலில் பார்த்தது அதைத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ரெஜிமென்டைத் தேடுகிறீர்கள் என்பதை விற்பவரிடம் சொல்லாதீர்கள். அவரிடம் இருப்பதை அவரே எடுத்துக் காட்டட்டும்.

அந்தக் கத்தியை விற்க எனக்கு மனமில்லை. பிடியில் ஒரு அட்டையைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன்: ‘கத்தி 1930கள். எழுத்து பின்னால் பொறித்தது. 39ஆம் ரெஜிமென்டுக்கு உரியது அல்ல.’