சம்ப்புக்கு அரை இஞ்ச் பித்தளை பால் வால்வு: வேலூர்த் தண்ணீருக்குத் தாங்குமா?

தாங்கும், வாஷரைக் கவனித்தால். சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டி, நிறைந்ததும் மிதக்கும் பந்து கம்பியைத் தூக்கித் தண்ணீரை நிறுத்தும் வால்வு இது. புது வீட்டில் பில்டர் போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் வால்வைவிட இது எவ்வளவோ மேல். காவிரித் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் தொல்லை குறைவு. போர் தண்ணீரும் அதே சம்ப்பில் விழுந்தால் வாஷர் முகத்தில் வெள்ளை உப்பு படிந்து சொட்டத் தொடங்கும்.

சொட்டினால் உடனே புது வால்வு வாங்க ஓடாதீர்கள். பந்து மாட்டிய கம்பியைக் கையால் மேலே தூக்குங்கள். தண்ணீர் நின்றால் வாஷர் நன்றாக இருக்கிறது, கோளாறு பந்தில். பந்தைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும். விரிசல் விட்ட பந்து மிதக்காது. பந்து மட்டும் தனியாகக் கிடைக்கும். தூக்கியும் சொட்டினால் வாஷரை மாற்றுங்கள், உப்பு படிந்த பித்தளைப் பாகத்தை அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள்.

மாட்டும்போது டெஃப்லான் டேப் எட்டுச் சுற்று, மரை முறுகும் திசையிலேயே. எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே உரிந்துவிடும். எதிரே சிபிவிசி (பிளாஸ்டிக் குழாய்) மரை இருந்தால் அதிகம் முறுக்கினால் வெடிக்கும். பித்தளை மரை வைத்த ஃபிட்டிங் கேளுங்கள். வால்வுக்கு முன்னால், கையால் திருகி மூட ஒரு கேட் வால்வும் வேண்டும், பில்டர்கள் பெரும்பாலும் மிச்சப்படுத்துவது அதைத்தான்.

குறை என்றால், கூடவே வரும் பந்து மெல்லிசு.