கன்றா, விதைக் கலவையா?

பிரேசிலின் ஷிங்கு ஆறு ஊற்றெடுக்கும் பகுதியில், மாட்டுக்கும் சோயாவுக்கும் அழித்த காட்டைத் திரும்பக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு.

கன்று நடுவது நமக்குப் பழகியதுதான். எந்த மரம் எங்கே என்பது நம் கையில். ஆனால் நாற்றங்கால், லாரி, குழி வெட்டும் கூலி என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

இன்னொன்று 'முவூகா'. பல வகைக் காட்டு விதைகளை மணலோடு கலந்து நேரே நிலத்தில் விதைத்துவிடுவார்கள். கூடவே வாளவரை, துவரை. ஆமாம், நம் சாம்பார்த் துவரையேதான்! அவை சீக்கிரம் முளைத்து நிழல் கட்டி மேய்ச்சல் புல்லை அடக்கும். மெதுவாக வளரும் மரங்கள் அந்த நிழலில் தலையெடுக்கும். வயலில் ஓடும் விதைப்பு இயந்திரமே போதும். விதை தருபவர்கள் 2007இல் தொடங்கிய ஷிங்கு விதை வலையமைப்பினர். அதில் இக்பெங் பழங்குடிப் பெண்களின் குழுவுக்குப் பெயர் 'யாரங்', அதாவது இலைவெட்டி எறும்பு. குனிந்து பொறுக்கி, சுத்தம் செய்து, காயவைத்து அனுப்புகிறார்கள். காசு அவர்கள் கைக்கே வருகிறது.

போட்டதெல்லாம் மரமாகாது, சரி. இருந்தாலும் பெரிய பரப்பென்றால் என் ஓட்டு முவூகாவுக்குத்தான். அரிதாகக் கிடைக்கும் விதையை மட்டும் அப்படி வீச மனம் வராது, அதற்கு நாற்றங்கால்.