3ஜி போன பிறகு தோட்டத்து மொபைல் ஸ்டார்ட்டரும் வீட்டுப் போன்களும்: ஒரு நீண்டகால அனுபவம்

உடுமலைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் பொருத்தியிருக்கிறோம், அதாவது போன் அழைப்பிலேயே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும், சிம் போட்ட பெட்டி. அப்பாவிடம் பட்டன் போன், அம்மாவிடம் பழைய டச் போன், என்னிடம் 5ஜி போன். நான்கிலும் சிம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்து நெட்வொர்க்கை நம்பி ஓடுகிறது. 3ஜி மூடப்பட்டபோது எது தப்பியது, எது திணறியது என்று ஒரே வீட்டுக்குள் பார்க்க முடிந்தது. பழைய கருவி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

நம் நாட்டில் 3ஜிக்கு ஆயுள் குறைவு. 2010இல் 3ஜி அலைவரிசை ஏலம் நடந்து, அரசுக்கு 67,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. அடுத்த ஆண்டுதான் தனியார் நிறுவனங்களின் 3ஜி பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது, பேச்சும் இணையமும் 4ஜியிலேயே. அதன்பிறகு மற்றவர்களுக்கும் 3ஜியைத் தாங்கிப் பிடிக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. ஏர்டெல் 2019இல் கொல்கத்தாவில் தொடங்கி, 2020 வாக்கில் நாடு முழுக்க மூடிவிட்டது. வோடஃபோன் ஐடியாவும் பின்னாலேயே ஊர் ஊராக அலைவரிசையை 4ஜிக்கு மாற்றியது. 2ஜியை மட்டும் இருவரும் விட்டுவைத்தார்கள். பட்டன் போன் வாடிக்கையாளர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்களே!

முதலில் அடி வாங்கியது அம்மாவின் போன். அது 3ஜி வரைக்கும்தான் தாங்கும். மேலே 3ஜிக்கு அடையாளமாக ஹெச் பிளஸ் என்று காட்டிக்கொண்டிருந்த இடத்தில், 2ஜி இணையத்தைக் குறிக்கும் 'இ' என்ற எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. பேசுவதில் குறையில்லை, அதெல்லாம் 2ஜியில் போய்விடும். வாட்ஸ்அப்பில் எழுத்து மட்டும் மெதுவாகப் போகும், படம் என்றால் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பேத்தியின் வீடியோ திறக்காது என்பதுதான் அம்மாவுக்குப் பெரிய குறை.

சரி என்று உறவில் ஒருவர் பயன்படுத்திய 4ஜி போனை வாங்கிக் கொடுத்தோம். இணையம் நன்றாக வந்தது. ஆனால் அந்த மாடலில் வோல்டி கிடையாது, அதாவது 4ஜி வழியாகப் பேச்சை அனுப்பத் தெரியாது. நம்பரைப் போட்டதும் போன் 4ஜியை விட்டு இறங்கி 2ஜிக்குப் போகும். அதற்குச் சில நொடிகள் ஆகும், அதுவரை காதில் ஒரு சத்தமும் இருக்காது. பேசி முடிக்கும்வரை இணையமும் நின்றுவிடும். 3ஜி இருந்த காலத்தில் பேசிக்கொண்டே இணையமும் ஓடியது, அதனால் இந்தக் குறை யாருக்கும் தெரியவில்லை. பழைய போன் வாங்குகிறவர்கள் பெட்டியில் 4ஜி என்று போட்டிருப்பதோடு நிற்காமல், வோல்டி இருக்கிறதா, நம் சிம்முக்கு அது வேலை செய்கிறதா என்று கடையிலேயே ஒரு அழைப்பு போட்டுப் பார்த்துவிடுங்கள். பேசும்போது மேலே 4ஜி அப்படியே நின்றால் சரி.

இனி ஸ்டார்ட்டர். எங்களுக்கு இதுதான் முக்கியம்.

எங்கள் தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வருவதில்லை. வரும் நேரத்தில் தண்ணீர் பாய்ச்சிவிட வேண்டும், அது நடுச்சாமமாகவும் இருக்கும். முன்பெல்லாம் டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவார் அப்பா. பாம்பு பயம் வேறு. இந்தப் பெட்டி வந்த பிறகு அந்த நடை நின்றது. மும்முனை வந்ததும் பெட்டியே அப்பாவை அழைக்கும். எங்கள் மாடலில் 1 அழுத்தினால் மோட்டார் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும். ஒரு ஃபேஸ் போனாலோ கிணற்றில் தண்ணீர் இறங்கினாலோ தானாகவே நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, செயலி வேண்டாம், இணையம் வேண்டாம்.

உள்ளே இருப்பது 2ஜி மட்டும் தெரிந்த சிறிய மோடம். 3ஜி மூடியது இதற்குத் தெரியவே தெரியாது. நன்மை என்றே சொல்வேன். 3ஜிக்குப் பதில் 2ஜியை மூடியிருந்தால், அந்தத் தேதியிலிருந்து இப்படிப்பட்ட பெட்டிகள் எல்லாம் செத்திருக்கும். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜியைத்தான் முதலில் மூடினார்கள், 3ஜிக்கு 2024 வரை நேரம் கொடுத்தார்கள். அந்த வரிசை நம் ஊர்த் தோட்டங்களுக்குச் சரிப்பட்டிருக்காது.

பக்கத்துத் தோட்டத்தில் சிம்மை மட்டும் ஜியோவுக்கு மாற்றிப் போட்டுவிட்டு, பெட்டி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். பெட்டியில் பழுது எதுவும் இல்லை. 2ஜியே இல்லாத நெட்வொர்க்கில் அந்த மோடம் எதைப் பிடிக்கும்?

போன கோடையில் பக்கத்துக் கிணற்றுக்கு இன்னொரு பெட்டி தேவைப்பட்டது. மெக்கானிக் தம்பி, "டூ ஜி டப்பாவே போதுமுங்கண்ணா, எதுக்குக் காசைக் கொட்டறீங்க" என்றார். நான் 4ஜி பெட்டியே வாங்கினேன். விலை கூடத்தான். மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது, நேற்று எத்தனை மணி நேரம் ஓடியது என்று செயலியில் பார்க்க முடிவது எனக்குப் பிடித்திருக்கிறது. குறையும் உண்டு. அழைப்பில் 1 அழுத்தினால் சில சமயம் எடுத்துக்கொள்வதில்லை, மறுபடி அழுத்த வேண்டியிருக்கிறது. மோட்டார் ரூமுக்குள் சிக்னல் சரியாக நிற்கவில்லை. ஆன்டெனாவை ஒயர் வைத்து ஓட்டுக்கு மேலே கொண்டுபோன பிறகுதான் தொந்தரவு ஓய்ந்தது. பழைய 2ஜி பெட்டிக்கு அந்த வேலையே தேவைப்படவில்லை. அப்பா இன்றைக்கும் பழைய பெட்டியைத்தான் நம்புகிறார், நியாயம்தான்.

அப்பாவின் பட்டன் போன் பற்றிச் சுருக்கமாக. 2ஜி போனில் ஒரு சார்ஜ் பல நாள் நிற்கும். 4ஜி பட்டன் போன் ஒன்று வாங்கிப் பார்த்தோம், பேச்சு எவ்வளவோ தெளிவாக இருந்தது, ஆனால் சார்ஜ் அப்படி நிற்கவில்லை. தோட்டத்திலேயே பொழுதைக் கழிப்பவருக்குத் தெளிவைவிட சார்ஜ் பெரிது. சிம் இப்போது பழைய போனுக்கே திரும்பிவிட்டது.

2ஜியை ஒழிக்க வேண்டும் என்ற குரல் புதிதில்லை. 2020 ஜூலையில், இந்தியாவில் மொபைல் வந்து 25 ஆண்டு நிறைந்த விழாவில் ஜியோவின் முகேஷ் அம்பானி அதை வெளிப்படையாகவே சொன்னார். ஒரு நாள் மூடத்தான் போகிறார்கள், மூடவும் வேண்டும். 2ஜியில் டவர் நம் சிம்மைச் சோதிக்கும், டவர் உண்மையானதா என்று போன் சோதிக்காது. போலி டவர் வைத்து மோசடி செய்திகள் அனுப்புகிறவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். சாதாரண அழைப்பை 4ஜியில் அனுப்பிவிட்டு, அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியைத் தேடும் போன்கள் அங்கே ஏராளமாக இருந்தது தெரியவந்து, 3ஜியை மூடும் தேதியைத் தள்ளி 2024 அக்டோபர் 28க்குக் கொண்டுபோனார்கள். நம் ஊரில் 2ஜிக்குத் தேதி குறிக்கும் முன் எத்தனை மோட்டார் பெட்டிகள், எத்தனை ஸ்வைப் மெஷின்கள், எத்தனை பட்டன் போன்கள் அதை நம்பியிருக்கின்றன என்று கணக்கெடுத்து, சில ஆண்டுகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெட்டி மாற்றும் செலவை விவசாயி தலையில் மட்டும் கட்டுவது அநியாயம்.

அதுவரை நான் செய்திருப்பது இவ்வளவுதான். புதிதாக வாங்கும் எந்தக் கருவியும் 4ஜி, அதிலும் 2ஜிக்கும் இறங்கத் தெரிந்த மாடல். என் ஆண்ட்ராய்டு போனில் 2ஜியை அணைக்கும் வசதி இருக்கிறது, ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் உண்டு. போலி டவருக்குப் பயந்து 2ஜியை அணைத்து வைத்திருக்கிறேன். பெட்டி சிம்களுக்கு டேட்டா சேர்ந்த பேக் போட்டுக் காசைக் கரைப்பதை நிறுத்தியாயிற்று. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுக்குப் பிறகு பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக்கை நிறுவனங்கள் தந்தாக வேண்டும், 365 நாள் வரை செல்லும்படியும் தரலாம். பழைய பெட்டி சிம்முக்கும் அப்பா சிம்முக்கும் அதைத்தான் போட்டிருக்கிறேன். புதிய பெட்டியின் செயலிக்கு டேட்டா தேவை, அதனால் அந்த சிம்முக்கு மட்டும் வேறு பேக்.