மாத்திரை உருண்ட அறை: காட்ஸ்வோல்ட்ஸ் மாளிகை ஒன்றில் இரண்டு இரவு

பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருடம் கட்டடம் பார்த்தவன் நான். எங்கே போய்த் தங்கினாலும் கட்டிலைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையில் ஈரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். ரெடிங்கில் இருக்கும் மகள், எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்காக இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் பழைய மேனர் ஹவுஸ் (நம்ம ஊர் ஜமீன் பங்களா மாதிரி) ஒன்றில் இரண்டு இரவு தங்க ஏற்பாடு செய்தாள். ஓர் இரவுக்கு 310 பவுண்டு, காலை உணவு சேர்த்து. தொகையை எங்களிடம் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். பில் என் கையில்தான் வந்தது. விடுதியின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளோ தங்கமானவர்கள்.

க்ளஸ்டர்ஷயரில், காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு வழியாகப் போகும் ரயிலில் மோர்ட்டன்-இன்-மார்ஷில் இறங்கினோம். ஸ்டேஷன் வாசலில் டாக்சி நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள், முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். நாங்கள் சொல்லி வைக்கவில்லை. நாற்பது நிமிடம் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தோம்.

வீடு பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பளி வியாபாரி ஒருவர் கட்டியது என்று அறையில் வைத்திருந்த கையேடு சொல்கிறது. தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர். கூரையும் அதே கல்தான், ஓடு போலப் பிளந்து அடுக்கியிருக்கிறார்கள். இறவாணப் பக்கம் முறத்தளவு கற்கள். மேலே போகப் போகச் சிறுத்து உச்சியில் உள்ளங்கை அளவு. எங்கெங்கே புதுக்கல் மாற்றியிருக்கிறார்கள் என்பதை, பாசி படியாத இடங்களை வைத்துக் கீழே நின்றே எண்ணிவிடலாம். எண்ணினேன். அதற்குள் மனைவி உள்ளே போய்ச் சாவியே வாங்கிவிட்டாள்.

கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சிமெண்ட் இல்லை, சுண்ணாம்புக் கலவை. இந்தக் கல்லுக்குச் சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல், குளிரில் உறைந்து, கல்லையே உதிர்த்துவிடும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். இதைத் தெரிந்து செய்திருக்கிறார்கள். நான் ஒருமுறை பழைய தாலுகா அலுவலகம் ஒன்றின் சுவருக்குச் சிமெண்ட் பூசச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது மழைக்குப் பூச்சு கொப்பளித்தது. அதனால் இந்தச் சுவரைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் தடவிப் பார்த்தேன்.

கிழக்குப் பக்கம் கல் வைத்து அடைத்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்றாள் வரவேற்பில் இருந்த பெண். 1696 முதல் 1851 வரை அப்படி ஒரு வரி இருந்தது நிஜம்தான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் சரியாக அந்த இடத்தில் புகைபோக்கி ஏறுகிறது. அங்கே ஜன்னல் ஒருநாளும் இருந்திருக்க முடியாது. வெளிப்பார்வைக்கு வரிசை கெடாமல் இருக்க வைத்த பொய் ஜன்னல். சொல்லலாமா என்று யோசித்தேன். அவ்வளவு ஆசையாகச் சொன்னாள், விட்டுவிட்டேன்.

அறைக்கு வருவோம். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அனுமதி இல்லாமல் எதையும் இடிக்கவோ மாற்றவோ முடியாது. லிஃப்ட் கிடையாது. எங்கள் அறைக்குச் சுழல் படிக்கட்டில் 31 படி. பெட்டியை ஒரு பையன் தூக்கி வந்தான், முழங்காலை யார் தூக்குவது? முன்பதிவு செய்யும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தளம் ஓக் பலகை. நானூறு வருடத்தில் கணப்பு அடுப்புப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. முதல் இரவு மனைவியின் பிரஷர் மாத்திரை கை தவறி விழுந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு, அடுப்பு வரை நிதானமாக உருண்டு போனது. பீரோவின் இரண்டு கால்களுக்கு மட்டும் ஆப்பு வைத்து நிறுத்தியிருந்தார்கள். சின்னச் சின்னக் கண்ணாடிகளை ஈயப்பட்டையால் இணைத்த பழைய ஜன்னலைத் தொடாமல், உள்பக்கம் இன்னொரு கண்ணாடி பொருத்தியிருந்ததால் குளிர் தெரியவில்லை. நல்ல வேலை.

குளியலறைதான் சோதனை. நடுவில் சிங்கக்கால் வைத்த தொட்டி, ஷவர் இல்லை, வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய். வெந்நீர் வர ஒன்பது நிமிடம், கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன். “ஏங்க, மொண்டு ஊத்த ஒரு மக் கேளுங்க” என்றாள் மனைவி. கேட்டேன். பையன் காபி குடிக்கும் மக்கை, கூடவே இரண்டு பிஸ்கட்டும் வைத்துக் கொண்டுவந்தான். அப்புறம் சைகையில் விளக்கியதும், சமையலறையிலிருந்து இரண்டு லிட்டர் அளவுக் குவளை வந்தது. அது கடைசி வரை எங்களோடு இருந்தது.

சாப்பாட்டில் காலை வேளை அருமை: வதக்கிய காளான், சுட்ட தக்காளி, பக்கத்துப் பண்ணை முட்டை. மாலையில் ஸ்கோன் என்கிற பன் மாதிரிப் பண்டமும் கெட்டி க்ரீமும் தந்தார்கள், ஒன்று போதும். இரவுச் சாப்பாடு மூன்று சுற்று, 58 பவுண்டு. சைவத்துக்கு முதல் நாள் காளான் ரிசோட்டோ, இத்தாலிக்காரர்களின் குழைந்த சாதம். மறுநாளும் அதுவே, மேலே இலை மட்டும் வேறு. இதற்கு 12.5 சதவீதம் சேவைக் கட்டணத்தைத் தாங்களாகவே பில்லில் சேர்த்துவிடுகிறார்கள். வேண்டாமென்றால் எடுக்கச் சொல்லலாமாம். அந்த அளவுக் குவளையை நினைத்து நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பக்கத்தில் செசின்கோட் போனோம். கிழக்கிந்தியக் கம்பெனியில் வங்காளத்தில் சம்பாதித்துத் திரும்பிய சார்லஸ் காக்கரெல், 1805 வாக்கில் கட்டடக் கலைஞரான தன் அண்ணனை வைத்துக் கட்டிய வீடு. செம்பு பொதிந்த முகலாயக் குவிமாடம்! தோட்டத்துப் பாலத்தின் மேல் நந்திகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. தோட்ட அமைப்புக்கு யோசனை சொன்னவர் தாமஸ் டேனியல், 1792இல் மதுரை வரை வந்து நாயக்கர் மகாலை வரைந்துகொண்டு போன அதே ஓவியர். மனைவி நந்திகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நம்ம காசுதானே? அப்ப டிக்கெட் எதுக்கு?” என்றாள். திறந்திருக்கும் நாட்கள் குறைவு, விசாரித்துவிட்டுப் போகவும்.

கட்டடத்துக்கு நான் பத்துக்கு ஒன்பது போடுவேன், விடுதிக்கு ஆறு. போனால் பிரதான வீட்டிலேயே அறை கேளுங்கள். குதிரை லாயத்தை மாற்றிக் கட்டிய அறைகளில் ஷவர் உண்டு, தரை மட்டமாக இருக்கும். ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. நூலகத்துக்கு அடுத்தாற்போல் தரைத்தளத்தில் ஒரே ஓர் அறை இருக்கிறது, கிளம்பும் அன்றுதான் கண்ணில் பட்டது. கதவு திறந்திருந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தரையில் வைத்தாள். அதுவும் உருண்டது.