த்ராட்டில் பாடி: வீட்டிலேயே போர்ட்டிங்கா, பெரியதாக மாற்றுவதா?

ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்ளே ஒரு தட்டு திறந்து எஞ்சினுக்குக் காற்றை விடும் பாகம்தான் த்ராட்டில் பாடி. அதில் காற்றோட்டத்தைக் கூட்ட இரண்டு வழி. இருக்கிற த்ராட்டில் பாடியைக் கழற்றி உள்ளே தேய்த்துச் சீராக்கலாம், இதுதான் போர்ட்டிங். இல்லையென்றால் துளை பெரிதான வேறொன்றைப் பொருத்தலாம்.

போர்ட்டிங்குக்கு உப்புத்தாளும் பொறுமையும்தான் முதலீடு. காற்று நுழையும் வாயில் உள்ள படியையும் வார்ப்பு விளிம்பையும் சாய்வாக வழித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் தட்டு மூடி உட்காரும் வட்டத்தைத் தொடவே கூடாது. அங்கே முடியளவு தேய்ந்தாலும் காற்று கசிந்து ஐட்லிங் (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறிவிடும். தட்டைத் தாங்கும் தண்டான ஷாஃப்டைப் பாதியாகச் சீவுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, தண்டு பலமிழக்கும். தட்டைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ கழன்றால் எஞ்சினுக்குள்தான் போகும். அதைக் கழற்றினால், திரும்ப மாட்டும்போது த்ரெட் லாக்கர் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) கட்டாயம். அலுமினியத் தூள் துளியும் மிஞ்சக் கூடாது.

பெரிய பாடியில் கணக்கு தெளிவு: 60 மி.மீ. துளை 65 ஆனால் பரப்பு சுமார் 17 சதவீதம் கூடும். அடுத்துக் காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் வாய் 60-லேயே நின்றால் அங்கே படி விழும். அதையும் குடைய வேண்டும்.

வேறு மாற்றம் இல்லாத எஞ்சினில் இரண்டுக்குமே பலன் கொஞ்சம்தான், அதுவும் முழு ஆக்சிலரேட்டரில், உயர்ந்த ஆர்.பி.எம்.மில். லேசாக மிதித்ததும் வண்டி துள்ளுவது கூடுதல் சக்தியல்ல. அதே மிதிக்குக் காற்று அதிகம் நுழைகிறது, அவ்வளவுதான். அதனால் சாதாரண வண்டிக்கு என் ஓட்டு போர்ட்டிங்குக்கே. கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட் வரை வேலை செய்த எஞ்சின் என்றால் பெரிய பாடியே சரி.